கசகசாப் பூரணம்

கெத்ஸல் அந்தப் பெண்ணின் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து அடுப்பின் வாய்க்குக் கொண்டுபோனான். உள்ளே தணல் கனன்றது. இன்னும் ஒரு சாண் தள்ளினால் முகம் வெந்துவிடும்.

"யார் அனுப்பினது உன்னை? சொல்லு."

"யாரும் அனுப்பலை அண்ணே. ஊரே எரிஞ்சுபோச்சு. என் புருஷனைக் கண்ணு முன்னாடி வெட்டிப் போட்டாங்க."

உக்ரைனில் மன்னர் ஆட்சி கவிழ்ந்து, அடுத்து யார் ஆட்சி என்று எவருக்குமே தெரியாமல் கிடந்த காலம் அது. குதிரையில் திரியும் கொலைகாரக் கும்பல் ஒன்று யூதர்களின் ஊர்களாகப் பார்த்து வெட்டிச் சாய்த்துக்கொண்டே வந்தது. தொல்பினா ஊருக்கு இருந்த ஒரே காவல், துப்பாக்கிகளோடு ஒளிந்திருந்த அதன் வாலிபர்கள்தான். அவர்கள் ஒளிந்திருக்கும் இடம் கும்பலுக்குத் தெரிந்தால் விடிவதற்குள் ஊர் பிணக்காடு ஆகிவிடும்.

இவளோ, நெற்றியில் ரத்தம் வழிய ரொட்டிக்கடைக்குள் வந்து விழுந்தவள், முதல் வேலையாக அந்த இடத்தைத்தான் கேட்டாள். பெயர் ஹிண்டா என்றாள். தனக்கும் துப்பாக்கி பிடிக்கத் தெரியும், புருஷனைக் கொன்றவர்களில் ஒருவனையாவது சுட்டுவிட்டுத்தான் சாவேன் என்றாள்.

கெத்ஸல் வண்டிக்காரன். சாதாரண நாளிலேயே கை நீளும். அன்று காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாதவன் வேறு, கேட்க வேண்டுமா? இவள் யூதப் பெண்தானா என்று சோதிக்க, ஓய்வுநாள் விளக்கு ஏற்றும்போது என்ன ஜெபம், ரொட்டியைப் பிட்கும்போது என்ன ஜெபம் என்று கேள்விக்கு ஓர் அறையாக அறைந்தான்.

உதடு கிழிந்து ரத்தம் ஒழுக ஒழுக, ஓர் எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தாள் அவள். நாளைக்குப் பூரீம் பண்டிகை, பணியாரத்துக்கு நானும் மாவு பிசைந்து வைத்திருந்தேன், எல்லாம் வீட்டோடு எரிந்துபோனது என்று தேம்பினாள். அதற்கும் ஓர் அறை விழுந்தது.

கடைக்காரி சோஸ்யா கெத்ஸலின் தம்பி மனைவி. ஒளிந்திருந்த வாலிபர்களுக்குத் தலைவன் அவள் கணவன் லெய்சர். அதுவரை மாவு தேய்த்துக்கொண்டிருந்தவள், கட்டையால் மச்சானின் முழங்கையில் ஒரே போடாகப் போட்டாள்.

"விடுங்க மச்சான். ஒரு பொம்பளையை அடிச்சாக் கும்பல் பயந்து ஓடிருமா? கை அரிச்சா போய் விறகு பிளங்க."

அவன் கறுவிக்கொண்டே கொல்லைப்பக்கம் போனான். சோஸ்யா வெந்நீரில் துணியை நனைத்து அவள் காயத்தைத் துடைத்தாள். அடிபட்டவளாச்சே, ஒரு வாய் ரொட்டி தரட்டுமா என்று கேட்டதற்கு, பசியெல்லாம் செத்துப்போச்சு அக்கா என்றாள் ஹிண்டா. சும்மா உட்கார்ந்தால் அழுகைதான் வரும், கூடமாட ஒத்தாசை செய் என்று சோஸ்யா மாவு வட்டங்களை அவள் பக்கம் தள்ளினாள்.

ஆமான் பணியாரம் அது. அந்தக் காலத்தில் தங்களைப் பூண்டோடு அழிக்கப் பார்த்த ஒரு மந்திரியின் பெயரை வைத்து, பண்டிகையன்று கடித்து மென்று தின்பதில் இவர்களுக்கு ஒரு தனி சந்தோஷம்.

தேனில் வெந்த கசகசாவைக் கிளறி, முகத்தருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்துவிட்டுச் சட்டியை இறக்கினாள் சோஸ்யா. ஹிண்டா அதை ஒரு விரலால் வழித்து நாக்கில் வைத்தாள். தேன் ஒரு கரண்டி கூடிப்போச்சு அக்கா என்றாள். பிறகு பூரணத்தை நடுவில் வைத்து, மூன்று பக்கமும் மடித்து, மூலை பிரியாமல் அழுத்தினாள். பழகிய கை என்று பார்த்தாலே தெரிந்தது.

சோஸ்யா அவள் தலையைத் தடவிக்கொடுத்தாள்.

"நம்ம பொண்ணுதான் நீ. ஆத்துக்கு அந்தப் பக்கம் பழைய செங்கல் சூளை இருக்கு. எல்லாரும் அங்கதான் இருக்காங்க. இருட்டுறதுக்குள்ள போயிரு."

வெளியே பனிக்காற்று அடித்தது. தன் மஞ்சள் சால்வையை எடுத்து அவளுக்குப் போர்த்தி, வாசல் வரை வந்து வழியனுப்பினாள்.

விறகோடு உள்ளே வந்த கெத்ஸல் விஷயத்தைக் கேட்டதும் சுமையைக் கீழே போட்டான். விட்ட அறையில் சோஸ்யா மேசைமேல் போய் விழுந்தாள். பணியாரங்கள் தரையெங்கும் சிதறின.

"பாவி, உன் புருஷன் தலையை நீயே அறுத்துக் குடுத்துட்டியே. எந்த இடம்னு சொன்ன?"

அவள் வாயில் ஊறிய ரத்தத்தைத் துப்பினாள்.

"செங்கல் சூளைன்னு."

அடுத்த அடிக்கு ஓங்கிய கை அப்படியே நின்றது.

"அங்க ஈ காக்கா கூடக் கிடையாதே."

"அதான் சொல்றேன். ஓடிப்போய் லெய்சர்கிட்டச் சொல்லுங்க, சூளையைச் சுத்தி மேட்டுல படுக்கட்டும். மொத்தக் கும்பலும் உள்ள நுழைஞ்சப்புறம் சுடட்டும். வழிகாட்டிட்டு முன்னாடி வர்றவ என் மஞ்சள் சால்வை போர்த்தியிருப்பா. முதல் குண்டு அதுக்கு."

கெத்ஸல் வாசல் வரை ஓடித் திரும்பினான். இத்தனை அடியிலும் தான் கேட்டதற்கெல்லாம் பிசகாமல் பதில் சொன்னவளை, இவள் எதில் பிடித்தாள் என்று அவனுக்கு விளங்கவே இல்லை. அதைக் கேட்டான்.

சோஸ்யா குனிந்து, அந்தப் பெண் மடித்த பணியாரங்களை மட்டும் பொறுக்கித் தணலில் வீசினாள்.

"நம்ம வீடுகள்ல வேலை பார்த்தவ அவ, நம்ம பொண்ணு இல்ல. பண்டிகைக்கு முந்தின நாள் நோன்பும் அதுவுமா, பூரணத்தை நக்கிப் பார்த்தா மச்சான்."