மாமியாரின் முழங்கால்

மேடு வந்ததும் செலின் சைக்கிளை விட்டு இறங்கினாள்.

"முடியல அத்தை. கொஞ்ச தூரம் தள்ளிக்கிட்டே போகலாமா?"

மாமியார் ஒடெட்டும் உடனே இறங்கிவிட்டார். செலினுக்கு நிம்மதியாக இருந்தது. "அம்மாவுக்கு முழங்கால் வலி. கேட்டா ஒத்துக்க மாட்டாங்க. நீ களைச்ச மாதிரி காட்டிக்க," என்று கணவன் பஸ்தியான் புறப்படும்போதே காதில் போட்டிருந்தான். சைக்கிள் பந்தயங்களில் கோப்பை வாங்கியவளுக்கு அது சிரமமான நடிப்புதான்.

கல்யாணமானதிலிருந்து மாமியாரும் மருமகளும் முகம் கொடுத்துப் பேசியதில்லை. ஆனால் பர்கண்டியின் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்கையில் எவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டிருப்பது?

"ஈரத் துண்டை இன்னும் கட்டில்லதான் போடுறானா?" என்று ஒடெட் கேட்டார்.

"நீங்க வளர்த்த லட்சணம் அத்தை."

"நான் எங்க வளர்த்தேன்? அவங்க அப்பா வளர்த்தாரு."

இருவரும் சிரித்தார்கள். வழியில் வந்த ஒயின் கிடங்கு ஒன்றையும் ருசி பார்க்காமல் விடவில்லை. ஜூரா மலையடிவாரம் வந்தபோது, அதற்குள் பயணம் முடிகிறதே என்றிருந்தது செலினுக்கு.

விடுதி வாசலில் பஸ்தியான் காரோடு காத்திருந்தான். முகம் கழுவிவிட்டு வந்த செலினுக்கு, ஒடெட் மகனிடம் தணிந்த குரலில் சொல்வது கேட்டது.

"நீ சொன்ன மாதிரியே மெதுவாத்தான் வந்தேன்டா. பாவம், இந்த வயசுல அவளுக்கு முழங்கால் வலியா?"

"எனக்கு ஒரு வலியும் இல்ல அத்தை. உங்களுக்குத்தான் வலின்னு உங்க பிள்ளை சொன்னாரு."

இருவரும் பஸ்தியானைப் பார்த்தார்கள்.

"அப்படிச் சொல்லாட்டி ரெண்டு பேரும் போட்டி போட்டுக்கிட்டுப் பறந்திருப்பீங்க. ஒரு வார்த்தை பேசியிருப்பீங்களா?"

ஒடெட் அவன் கையிலிருந்த கார் சாவியை வாங்கிக்கொண்டார்.

"ஏறு செலின். நாம இன்னும் பேச வேண்டியது நிறைய இருக்கு. இவன் சைக்கிள்ல வரட்டும்."