இரை மாவு

"மண்ணு கொஞ்சம் சேருங்க சார். இல்லாங்காட்டி மேலயே மெதந்துக்கினு போய்டும்" என்றார் பீர் முஹம்மது.

நல்லசிவம் குனிந்து இரண்டு கை மணலை அள்ளி பெயின்ட் வாளிக்குள் போட்டார். ஊறிய கடலைப் புண்ணாக்கு, தவிடு, பழைய பிரெட், நசுக்கிய மத்தி மீன் எல்லாம் அதில் சேறு மாதிரிக் கிடந்தன. பிசையப் பிசைய நாற்றம் எழுந்தது. முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டு மறுபடியும் பிசைந்தார்.

"இப்ப அடியில போகுமா தம்பி?"

"போய் உக்காந்துக்கும். அப்பறம் மெதுவா கரையும். வாசனை புட்சிக்கினு மீனு தானா வரும்."

அடையாறு கடலில் கலக்கிற இடம் அது. சைதாப்பேட்டையில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கும் பீர் முஹம்மது, ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் தூண்டிலோடு இங்கே வந்துவிடுவார். இன்று மச்சான் குடும்பம் ஆதம்பாக்கத்திலிருந்து சாப்பிட வருகிறது. மடவை மீன் இல்லாமல் வீட்டுக்கு வராதே என்று மனைவி ஜஹீதா சொல்லித்தான் அனுப்பியிருந்தாள்.

வந்து பார்த்தால், அவர் வழக்கமாக உட்காரும் பாறையில் இந்தப் பெரியவர் நின்று, காய்ந்த புண்ணாக்கை அப்படியே வாரி வாரித் தண்ணீரில் வீசிக்கொண்டிருந்தார். பார்க்கச் சகிக்காமல்தான் பீர் முஹம்மது தன் வாளியையும் அதிலிருந்த இரையையும் தந்து பக்குவம் சொல்லிக்கொடுத்தார். இரண்டு பேருக்குமே மீன் கூடட்டுமே.

"புதுசா சார் இதெல்லாம்?"

"ஆமா தம்பி. தி.நகர்ல துணிக்கடை. மீனக் கையால தொடுததே இன்னைக்குத்தான். நாங்க சைவம்."

"சைவமா? புட்ச்சு இன்னா பண்ணுவீங்க?"

நல்லசிவம் ஓர் உருண்டையை இறுக்கிப் பிடித்தார்.

"இந்த எடத்த யாரு சொன்னது?"

"பட்டினப்பாக்கத்துல கேட்டோம். கடல்ல எங்க இருந்தாலும் கடைசியில இந்தப் பக்கந்தான் வரும்னாங்க."

"கரெக்டாத்தான் சொல்லிகிறாங்க. மடவை, கெளுத்தி எல்லாம் இங்கதான்."

சற்றுத் தள்ளி, வெறும் மணலில் நல்லசிவத்தின் மனைவி பேச்சியம்மாள் உட்கார்ந்திருந்தாள். குடை பக்கத்திலேயே கிடந்தும் விரிக்கவில்லை. கணவர் இருக்கும் பக்கமே திரும்பாமல் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மாவுக்குக் கோவம் போல கீது. எங்க வூட்லயும் இதே கததான் சார்" என்று சிரித்தார் பீர் முஹம்மது. நல்லசிவம் சிரிக்கவில்லை.

உருண்டைகள் விழ விழ, கொஞ்ச நேரத்தில் தண்ணீர் சிலிர்த்தது. வெள்ளி வெள்ளியாக மடவைகள் புரண்டன. இவ்வளவு மீனை ஒரே இடத்தில் பீர் முஹம்மது பார்த்து வெகு நாளாகிறது.

"போதும் சார், நிறுத்துங்க. வாசனை காட்னாப் போதும். வயிறு ரொம்பிச்சுன்னா தூண்டிலத் தொடாது."

"வயிறு நெறைய இன்னும் எவ்வளவு போடணும்?"

"அய்ய, அதான் கூடாதுன்றேன்."

நல்லசிவம் காதில் வாங்கவில்லை. முன்னைவிட வேகமாக உருட்டி, வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று, கை எட்டிய தூரமெல்லாம் எறிந்தார். அதற்குள் மருமகன் ராம்குமார் காரிலிருந்து இன்னொரு புண்ணாக்கு மூட்டையைத் தோளில் சுமந்து வந்து இறக்கினான்.

"பேசினீங்களா மாப்ளே?"

"பேசினேன் மாமா. இன்னும் ஒண்ணும் தெரியலையாம்." ராம்குமார் அவர் முகத்தைப் பார்க்காமல் மூட்டையின் வாயைப் பிரித்தான்.

பீர் முஹம்மது தூண்டிலை இழுத்தார். கொக்கியில் மாட்டிய இரை மாட்டியபடியே வந்தது. மறுபடி வீசினார். கண்ணெதிரே மீன் கும்பல் கும்பலாகத் திரிகிறது, ஒன்றுகூடக் கடிக்கவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. இனிமேல் மார்க்கெட்டில் வாங்கிக்கொண்டு போனால் மச்சான் முன்னால் ஜஹீதா விட்டுவைக்கமாட்டாள்.

அப்போதுதான் அவர் கவனித்தார். இந்தப் பெரியவரிடம் தூண்டிலே இல்லை. வலையும் இல்லை.

பாறையைத் தாண்டி வந்து வாளியைப் பிடுங்கினார். "இன்னா சார் நெனச்சிக்கினு கீறீங்க? நீங்களும் புடிக்கல, புடிக்கிறவனையும் உடல. மீனுக்கு விருந்து வெக்கவா வந்தீங்க?"

நல்லசிவம் வாளியைத் திரும்ப இழுக்கவில்லை. புண்ணாக்கு அப்பிய கைகளைக் குவித்துக் கும்பிட்டார்.

"குடுத்துருங்க தம்பி. வேற என்ன செய்யணும்னு எனக்குத் தெரியல."

அவர் வயதுக்கும் தோற்றத்துக்கும் அந்தக் கும்பிடு பொருந்தவில்லை. பீர் முஹம்மது ராம்குமாரைப் பார்த்தார். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

பேச்சியம்மாள் எழுந்து வந்தாள். புடவையில் ஒட்டிய மணலைக்கூடத் தட்டவில்லை. பீர் முஹம்மதின் கையிலிருந்த வாளியை மெல்ல வாங்கிக் கணவர் முன்னால் வைத்தாள். அவளும் குனிந்து ஒரு பிடி மாவை எடுத்து உருட்ட ஆரம்பித்தாள்.

"அதுகளுக்குப் பசிக்கக் கூடாதுய்யா" என்றாள். "குளிக்க எறங்குன எம்புள்ள இன்னும் உள்ளதான் கெடக்கான்."