கரண்ட் இல்லாமல் சுற்றும் கலக்கி

எண்பத்தேழாம் வருஷம் இடஒதுக்கீடு கேட்டு நடந்த மறியலில், கச்சிராயபாளையம் சாலையின் குறுக்கே புளியமரங்கள் சாய்ந்தன. ஒரு மரம் மின்கம்பியையும் இழுத்துக்கொண்டு விழுந்தது. ஊரே இருட்டில் கிடக்க, மாயவன் வீட்டு கேஸ் அடுப்பு மட்டும் நீலமாக எரிகிறது என்று யாரோ போட்டுக்கொடுத்தார்கள்.

லைன் இன்ஸ்பெக்டர் ஆதிமூலத்துக்குச் சந்தேகமே இல்லை. மாயவனின் சாண எரிவாயுத் தொட்டியில் மோட்டார் வைத்த கலக்கி உண்டு. சாணக் கரைசலில் ஏடு கட்டாமல் அது கலக்கிவிட்டால்தான் கேஸ் எழும்பும். ஊரில் இப்போது கரண்ட் ஓடுவது, அவன் கரும்புக் கொல்லைக்கு மேலே அணைக்குப் போகும் கம்பி ஒன்றில்தான். அதில் கொக்கி போட்டுத் திருடுகிறான்.

மரம் வெட்டியவர்களைத் தேடி அலைந்துகொண்டிருந்த கான்ஸ்டபிள் சடையனைச் சாட்சிக்கு அழைத்துக்கொண்டு, ஆதிமூலம் சாயங்காலம் போய் இறங்கினார்.

"கரண்ட் இல்ல. கலக்கி எப்படிய்யா சுத்துது?"

"பெல்ட்ட கழட்டிட்டு கைப்பிடி மாட்டிக்கினோம். கையால சுத்தறோம் சார்."

மாயவனின் வலது கையில் முழங்கை வரை மாவுக்கட்டு.

"எந்தக் கையால?"

மாயவன் மனைவி தைலம்மாள் டீயை நீட்டினாள். ஆதிமூலம் அடுப்பை எட்டிப் பார்த்தார்.

"மோட்டார் ஓடினப்ப அழுது வடிஞ்ச அடுப்பாமே. இப்ப இன்னா இவ்ளோ ஜாஸ்தி?"

"மோட்டார் நாள் பூரா கடஞ்சிக்கினே இருந்துதுங்க. சாணத்த புளிக்க வுடல, கரண்டுதான் துன்னுச்சு. இப்ப காலைல கொஞ்சம், சாயந்தரம் கொஞ்சம். அதுவே போதுதுங்க" என்றாள்.

கொட்டகைக்குப் பின்னாலிருந்து கிரீச் கிரீச்சென்று சத்தம் வந்தது. புருஷனும் பெண்டாட்டியும் இங்கே நிற்க, கலக்கி அங்கே சுற்றிக்கொண்டிருந்தது.

"சர்வீஸ கட் பண்றேன். கெணத்துத் தண்ணி இல்லாம கரும்பு காஞ்சி வெறவாப் போவட்டும்."

மாயவன் முகம் செத்துப்போயிற்று. கான்ஸ்டபிளை ஓரக்கண்ணால் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான்.

"நீங்க மட்டும் தனியா வாங்க சார். அவரு வாணாம்."

ஆதிமூலத்துக்குச் சிரிப்பு வந்தது. கடைசியில் எல்லோரும் லஞ்சத்துக்குத்தான் வருகிறார்கள்.

"கை நீட்டற பழக்கம் எனக்கில்ல. எம் புள்ள தீனதயாளனையும் அப்படித்தான் வளத்திருக்கேன், ஒருத்தர் வூட்ல ஓசிச் சோறு துன்ன மாட்டான். ஊர்ப் பசங்க மரம் வெட்டப் போனப்ப, அவன் சங்கராபுரத்துல அத்த வூட்ல படிச்சிக்கினு இருக்கான்."

மாயவன் கொட்டகைப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"சடையா, இவன் எங்கியும் நவுராம பாத்துக்க" என்று சொல்லிவிட்டு, ஆதிமூலம் கொட்டகையைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனார்.

கம்பியில் கொக்கி இல்லை. மோட்டார் ஓரமாகக் கிடந்தது. அதன்மேல் மரம் அறுக்கும் ரம்பம் ஒன்று சாய்ந்திருந்தது. கலக்கியின் கைப்பிடியை வியர்க்க வியர்க்கச் சுற்றிக்கொண்டிருந்த பையன் நிமிர்ந்து பார்த்தான்.

"சும்மா சோறு துன்னக் கூடாதுன்னு நீதானப்பா சொன்ன" என்றான் தீனதயாளன்.

"இன்னா சார், திருட்டுக் கரண்டா? நானும் வரட்டா?" முன்பக்கமிருந்து சடையன் குரல் கேட்டது.

"வாணாம்பா. கையாலதான் சுத்தறாங்க" என்று முழு உண்மையையும் உரக்கச் சொன்னார் ஆதிமூலம்.