யானை தோண்டிய குழி

கடைசி யானை குடித்து முடிக்கும்வரை பெண்கள் பனைமரங்களுக்குப் பின்னால் அசையாமல் காத்திருந்தார்கள்.

வடக்கே, கரமோஜா என்ற வறட்டுச் சீமையில் அது மழை மறந்துபோன மாதம். ஆறு முழுக்க மணல். யானைகள் காலால் பறித்துத் துதிக்கையால் அள்ளிப் போட்ட குழியில் மட்டும் கொஞ்சம் தண்ணீர் ஊறிக் கிடந்தது. எரிந்து கருத்த புல்வெளியில் வரிக்குதிரைகள் தங்கள் முறைக்காக நின்றிருந்தன.

யானை நகர்ந்ததும் நங்கிரோதான் முதலில் இறங்கினாள். ஊர் அடிபம்பு உடைந்து ஒரு மாதம் ஆகிறது. வனவிலங்குப் பூங்காவின் எல்லைக்கல்லை எல்லோரும் தெரிந்தேதான் தாண்டி வந்திருந்தார்கள்.

சுரைக்குடுவையால் மொண்டு மொண்டு அவள் கேனை நிரப்பி முடித்தபோது ஜீப் வந்தது.

பின்சீட்டில் கேமராவோடு இரண்டு வெள்ளைக்காரர்கள். முன்னால் தெற்கிலிருந்து வந்த புது அதிகாரி. அவர் இறங்கவில்லை. விரலை மட்டும் நீட்டினார். துப்பாக்கியோடு ஒரு காவலன் குதித்து வந்தான்.

“யாரக் கேட்டு உள்ள வந்தீங்க? இது பூங்கா எடம். மண்ணுல கை வெக்கக் கூடாதுன்னு தெரியாதா?”

அவன் கத்தியது ஜீப்புக்குக் கேட்பதற்காக. அவன் கண்கள் தண்ணீரைத்தான் பார்த்தன, நங்கிரோவை அல்ல.

“நாங்க எங்க கை வெச்சோம்? குழி தோண்டினது யானை. அந்தா போகுது பாரு, ஓடிப் போய் அதப் புடிச்சுக் கட்டு.”

வேறு நேரமென்றால் பெண்கள் சிரித்திருப்பார்கள். ஒருத்தியும் சிரிக்கவில்லை. பக்கத்தில் நின்ற அண்டைவீட்டு நாலேம் மணலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கொட்டிட்டுப் போ” என்றான் காவலன், கொஞ்சம் தணிந்த குரலில்.

“நான் மொண்ட தண்ணிய நான் கொட்ட மாட்டேன். உனக்குத் துணிச்சல் இருந்தா நீயே கொட்டு.”

அதிகாரி ஜீப்பிலிருந்து சுவாஹிலியில் ஏதோ கேட்டார். காவலன் நிமிர்ந்து பதில் சொன்னான்.

நங்கிரோவுக்கு அந்த மொழி வராது. ஆனால் ‘தெரியாது’ என்ற சொல்லைச் சந்தையில் பலமுறை கேட்டிருக்கிறாள். இவள் யாரென்று தெரியுமா என்று கேட்டிருக்கிறார். தெரியாது என்கிறான்.

அதுவரை அவளுக்கு இருந்தது தாகமும் எரிச்சலும்தான். இப்போது கையிலிருந்த குடுவையைக் கீழே வைத்தாள். கத்தியிருக்கலாம். அவன் அம்மா பெயரைச் சொல்லித் திட்டியிருக்கலாம். அவன் முகத்தை மட்டும் பார்த்தாள்.

அவன் கேனை உதைத்துக் கவிழ்த்தான்.

மணல் ஒரே மடக்கில் குடித்துவிட்டது. ஜீப்பில் கேமரா சொடுக்கும் சத்தம் கேட்டது.

திரும்பி நடந்தபோது அவள் கூடவே நாலேம் வந்தாள். கையைப் பிடிக்க வந்தவளை நங்கிரோ உதறிவிட்டாள்.

சாயங்காலம், மாடுகள் பட்டியில் அடைந்த பிறகு, நங்கிரோ முற்றத்து வேலியின் குறுகிய வாசலுக்குள் முள்கிளையைத் தானே இழுத்துச் செருகினாள். வழக்கமாக இந்தக் கிழமையில் அதைத் திறந்துதான் வைத்திருப்பாள். நாலேம் கொடுத்தனுப்பிய அரைக் குடுவைத் தண்ணீரைப் பிள்ளைகளுக்குப் பங்கிட்டாள். சின்னவன் இன்னும் வேண்டும் என்று அழுதான்.

வெளியே காலடி வந்து நின்றது. வேலி அசைந்தது.

“நங்கிரோ.” பகலில் ஜீப்புக்காகக் கத்திய அதே குரல், இப்போது மெதுவாக, சுத்தமான ஊர்ப்பேச்சில். “எத்தன நேரமா நிக்கறேன். தெற.”

பெரியவள் துள்ளி எழுந்தாள்.

“அம்மா, அப்பா வந்துட்டாரு!”

“உக்காரு” என்றாள் நங்கிரோ.