மீட்டரில் தொண்ணூற்றேழு

“தம்பி, இது பொய் சொல்லுதா, மனுசர் பொய் சொல்லினமா எண்டு உங்களால பாத்துச் சொல்ல ஏலுமா?”

துணிப்பைக்குள்ளிருந்து விரிசல் விழுந்த ஒரு கார் மீட்டரை எடுத்து மேசைமேல் வைத்தாள் அந்தப் பெண். நாற்பது வயதிருக்கும். மழையில் நனைந்த குடையை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே பிடித்திருந்தாள்.

ஹென்டர்சன் புறநகரில், கார் திருத்தும் கராஜ்களுக்குப் பின்னால் இருந்தது சுலக்ஷனின் சின்னப் பட்டறை. பழைய ஜப்பான் கார்களில் முள் மீட்டரைக் கழற்றிவிட்டு, வேகமும் எஞ்சின் சூடும் எண்களாகத் தெரியும் டிஜிட்டல் மீட்டரைச் செய்து பொருத்துவது அவன் தொழில்.

“இருங்கோ அக்கா. உங்கட பேர்?”

“ரதிதேவி.”

“கார் ஆர்ர பேரில?”

“குணரத்தினம்.”

எழுதிக்கொண்டான். “என்ன நடந்தது?”

“ரெண்டு மாசத்துக்கு முன்னம் மோட்டர்வேயில அக்சிடென்ட். நல்ல மழை. நடுத் தடுப்பில போய் அடிபட்டது. கார் வாங்கி மூண்டாம் நாள். பக்கத்தில இருந்தவர் அந்த இடத்திலேயே முடிஞ்சார்.” கொஞ்சம் நிறுத்தித் தொடர்ந்தாள். “நூறுக்கு மேல போகக்கூடாத ரோட்டில நூற்றிருவத்திரண்டில ஓட்டினது எண்டு பொலிஸ் சொல்லுது. அவர் இல்லையாம். மீட்டரில தொண்ணூற்றேழுதான் காட்டினதாம். முதல் நாளிலயிருந்து அதையேதான் சொல்லுறார்.”

“நீங்கள் நம்பேல்லையா?”

“ஆர் நம்பினது? வீட்டு வாசல்ல வந்து நிண்டு அழுதார். பொய்யன் எண்டு சொல்லிக் கதவைச் சாத்திப்போட்டன்.”

சுலக்ஷன் மீட்டரைத் தன் பக்கம் இழுத்தான்.

“வெள்ளிக்கிழமை கோர்ட். இப்ப அவரே சொல்லுறாராம், ‘நான்தான் பிழையாப் பாத்திருப்பன், ஒப்புக்கொள்ளப் போறன்’ எண்டு. அதைக் கேட்டாப் பிறகு எனக்கு ஒரு வேலையும் ஓடேல்லை. பொய் சொல்லுற ஆள் அப்பிடி உடைஞ்சு போகாது தம்பி. பொலிஸ் காரைத் திருப்பிக் குடுத்திட்டினம். கார் நிக்கிற கராஜில கேட்டு இதைக் கழட்டுவிச்சுக்கொண்டு நேர வாறன். தமிழ்ப் பொடியன் ஒருத்தர் இந்த வேலை செய்யிறார் எண்டு கோயில்ல சொல்லிச்சினம்.”

சுலக்ஷன் மீட்டரைத் திருப்பினான். பின்பக்கத்து இணைப்புகளை விரலால் தடவிப் பார்த்தான். பிறகு மடிக்கணினியை இழுத்து வயரைச் செருகினான்.

திரை பாஸ்வேர்ட் கேட்டது. அவன் அடித்த முதல் சொல்லுக்கே திறந்துகொண்டது.

வரிவரியாகப் படித்துக்கொண்டு வந்தவனின் கண் ஓர் இடத்தில் நின்றது. கல்குலேட்டரை எடுத்துக் கணக்குப் போட்டான். அழித்துவிட்டு மறுபடியும் போட்டான். அதே விடை. கல்குலேட்டரைத் தள்ளி வைத்தான்.

“என்ன தம்பி? சொல்லுங்கோ.”

அந்த ஓர் எண்ணை மாற்றிவிட்டு, ‘மீட்டரில் ஒரு பிழையும் இல்லை’ என்று சொல்லி அவளை அனுப்பிவிடலாம். ஒரு விநாடி வேலை. யாருக்கும் தெரியப் போவதில்லை. அவன் விரல் விசைமேல் போய் நின்றது. நின்று, திரும்பி வந்தது.

“குணரத்தினம் அண்ணை பொய் சொல்லேல்லை அக்கா.”

அவள் பக்கத்தில் கிடந்த கதிரையைப் பிடித்துக்கொண்டாள்.

“சக்கரம் ஒருக்காச் சுத்தினா கார் எவ்வளவு தூரம் போகும் எண்டு இந்த மீட்டருக்குச் சொல்லிக் குடுக்கவேணும். நூற்றித் தொண்ணூற்றைஞ்சு சென்டிமீட்டர் எண்டு இருக்கவேண்டியது. இதில நூற்றியம்பத்தைஞ்சு எண்டு கிடக்கு. கார் நூற்றிருவத்திரண்டில பறக்கேக்க, இது தொண்ணூற்றேழு எண்டுதான் காட்டும். புதுசா வாங்கின கார். ஆர் ஓட்டியிருந்தாலும் மீட்டரைத்தான் நம்பியிருப்பினம்.”

“ஐயோ...” அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். “வாயில வந்ததெல்லாம் சொல்லித் திட்டினனே அந்த மனுசனை! கொலைகாரன் எண்டெல்லாம் சொன்னனே!”

அழுகை அடங்க வெகுநேரமாயிற்று. முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். “இதைச் செய்தவன் ஆரெண்டு கண்டுபிடிக்க ஏலுமா?”

சுலக்ஷனால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்து நின்றான்.

“தேடத் தேவையில்லை அக்கா. நான்தான்.”

அவள் அவனையே பார்த்தாள்.

“மூண்டு மாசத்துக்கு முன்னம் ஒருத்தர், காரை விக்கப் போறன், கெதியாச் செய்து தாங்கோ எண்டு நிண்டார். வேற ஒரு காருக்குப் போட்ட எண்ணை மாத்தாமலே விட்டிட்டன். ரோட்டில ஒருக்கா ஓட்டிப் பாத்திருந்தாத் தெரிஞ்சிருக்கும். ஓட்டிப் பாக்கேல்லை. அந்தக் கார்தான் உங்கட வீட்டுக்கு வந்ததெண்டு எனக்குத் தெரியாது.”

திட்டுவாள், அடிப்பாள் என்று காத்திருந்தான். அவள் அசையவில்லை.

அவனே ஒரு தாளை எடுத்தான். நடந்ததை எல்லாம் ஆங்கிலத்தில் எழுதி, கீழே தன் முழுப் பெயரையும் விலாசத்தையும் போட்டுக் கையெழுத்திட்டான்.

“வெள்ளிக்கிழமை நானே கோர்ட்டுக்கு வந்து சொல்லுறன். எனக்கு என்ன நடந்தாலும் பரவாயில்லை. இதை லோயரிட்டக் குடுங்கோ.” தாளை நீட்டினான். “இனியாவது கதவைத் திறந்து உங்கட புருசனை உள்ளுக்குக் கூப்பிடுங்கோ அக்கா. அவரில ஒரு பிழையும் இல்லை.”

ரதிதேவி தாளை வாங்கி, நான்காக மடித்துப் பைக்குள் வைத்தாள்.

“குணரத்தினம் என்ர புருசன் இல்லைத் தம்பி,” என்றாள். “பக்கத்தில இருந்து செத்தவர்தான் என்ர புருசன்.”