அடுத்த வளைவில் பட்ட அடி

பூமிக்கடியில் ஒரு வட்டச் சுரங்கம். அதில் ஓடும் புரோட்டான்கள் சுவரில் மோதாதபடி, வழிநெடுக நிற்கும் காந்தங்கள் அவற்றை இழுத்து வளைத்துவிடும். சுரங்கத்தைப் புதுப்பித்தபோது, கழற்றாமல் விட்ட பழைய காந்தம் ஒன்றுக்கு அடுத்து ஒரு புதுக் காந்தம் வந்து நின்றது.

"வணக்கம்ணே, கொஞ்சம் பாத்துக்குங்க," என்றது புதியது.

தன்னையும் கழற்றிவிடுவார்களோ என்று பழையதற்குப் பயம். சோதனை ஓட்டத்தில் பலத்தைக் காட்ட, வேண்டியதற்கு மேல் இழுத்தது. அதன் கம்பிச்சுருள் நழுவியது. தடம் மாறிய புரோட்டான்கள் புதியது நின்ற இடத்துச் சுவரில் போய் மோதின.

"புதுசுதான் சரியில்ல. இன்னொரு தடவை இங்க மோதினா கழட்டிரலாம்," என்றார் பொறியாளர் செண்பகவல்லி.

"நான் சரியாத்தானேண்ணே இழுத்தேன்?"

பழையது தன் சுருளைப் பார்த்துக்கொண்டது. நழுவிய சுருளோடு இனி அளவாக இழுக்க வராது, பழி மறுபடியும் புதியதின் மேல்தான் விழும் என்று அதற்குத் தெரியும்.

மறு ஓட்டம் தொடங்கியது. "முன்னாடி போனவங்க கதி எங்களுக்கு வேணாம்ணே!" என்று கத்திக்கொண்டே புரோட்டான்கள் வந்தன.

"மன்னிச்சுக்குங்கடா," என்ற பழையது, முன்னைவிட ஓங்கி இழுத்தது. புதியதை எட்டும் முன்பே எல்லாம் பழையது நின்ற இடத்துச் சுவரிலேயே மோதின.

"அட, கோளாறு இங்கேயா இருந்துச்சு?" என்றபடி செண்பகவல்லி ஸ்பானரோடு பழையதின் பக்கம் வந்தார்.