மஞ்சள் கோட்டுக்குள்

“காலைப் பிடிடா! இன்னும் ரெண்டடிதான்!”

சமையலறையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்த கணவன் எழிலனை, தம்பி கதிரோடு சேர்ந்து கூடத்துக்கு இழுத்துக்கொண்டிருந்தாள் வான்மதி.

“அக்கா, மாமாவுக்கு மூச்சு திணறுது. முதல்ல ஆம்புலன்ஸைக் கூப்பிடு. இதென்ன பாண்டி ஆட்டமா, கோடு பாக்குறதுக்கு?”

“சமையக்கட்டுல விழுந்தா நம்ம பாடு. கோட்டுக்குள்ள விழுந்தாத்தான் கம்பெனி வைத்தியம் பாக்கும். வீட்டுல இருந்து வேலை செய்றவங்களுக்கு அதான்டா சட்டம். காலையிலேர்ந்து ‘எஸ் சார், எஸ் சார்’னு மேனேஜர்கிட்ட பேசிட்டுத்தான் இருந்தாரு. டூட்டியிலதான் இருக்காரு!”

கணினி மேசையைச் சுற்றித் தரையில் ஒட்டியிருந்த மஞ்சள் கோட்டுக்குள் எழிலனின் உடல் வந்து சேர்ந்தது. வான்மதி நாற்காலியைப் பக்கத்தில் கவிழ்த்துப் போட்டாள்.

“நாற்காலியிலேர்ந்து விழுந்தாரு. கேட்டா அப்படித்தான் சொல்லணும்.”

கதிர் தலையாட்டினான். எழிலனின் உதடுகள் நீலம் பாரித்திருந்தன. வான்மதி மேசையில் கம்பெனி பொருத்தியிருந்த அவசர பட்டனை அறைந்தாள்.

“உங்க ஆளு எழிலன்! கோட்டுக்குள்ளதான் விழுந்து கிடக்காரு! சீக்கிரம் வண்டி அனுப்புங்க!”

எதிர்முனையில் பேசிய பெண் கணினியில் பெயரைத் தட்டிப் பார்த்தாள்.

“மேடம்... அவரைப் போன மாசமே வேலையை விட்டு நிறுத்தியாச்சே. வீட்ல சொல்லலையா?”